வன்னியில் சேதனத் தோட்டம்: முதல் வருடம் விடுகின்ற பிழைகள்

சேதனமுறையில், அதாவது இரசாயனப் பசளையும் மருந்தும் போடாமல், தோட்டம் செய்யத் தொடங்குகிற பலர் முதற்போகத்திலேயே மனம் விட்டுவிடுகிறார்கள். கத்தரி மஞ்சளடிக்கும், மிளகாய் காய்க்காது, உடனே பழையபடி யூரியாப் பைக்குத் திரும்பிவிடுவார்கள். நான் பார்த்தவரையில் பிழை பெரும்பாலும் தொடங்கிய விதத்தில்தான் இருக்கிறது.

பெரிய பிழை, யூரியாவை நிறுத்திவிட்டு அதற்கு ஈடாக எதையும் கொடுக்காமல் இருப்பது. கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியாப் பையில் 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பச்சைச் சாணத்தில் ஏறக்குறைய அரை வீதம்தான். ஆக ஒரு பைக்கு ஈடாக நாலரைத் தொன் சாணம் வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் அந்தப் போகத்துக்குக் கிடைக்கும், மிச்சம் மெல்ல மெல்லத்தான் வரும். நாலு கூடை எருவைத் தூவிவிட்டு விளைச்சலை எதிர்பார்த்தால் எப்படி? 2021 இல் இலங்கை முழுக்க இதுதான் நடந்தது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், ஈடுசெய்யப் போதிய சேதனப் பசளை இருக்கவில்லை, நவம்பரில் தடையை நீக்கினார்கள். அந்த அனுபவத்தால் சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே கோபப்படுகிற கமக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு ஏக்கர் வைத்திருந்தால் கால் ஏக்கரில் தொடங்குங்கள். வீட்டு வளவென்றால் நாலு பாத்தி போதும்.

அடுத்தது, பட்டியில் அள்ளிய சாணத்தை அப்படியே கன்றின் அடியில் போடுவது. நானும் செய்திருக்கிறேன். ஒரு பாத்திக் கத்தரிக் கன்று வேர் கருகிப் போனது, மாடு தின்ற புல்லின் விதையெல்லாம் முளைத்தது, கறையானும் வந்தது. கோழியெரு இன்னும் சூடு. எதையும் இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டுத்தான் போடவேண்டும்.

கூட்டெருவுக்கு ஒரு பங்கு கிளிசரியாக் குழையும் சாணமும், இரண்டு மூன்று பங்கு வைக்கோலும் சருகும் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி சொட்டவேண்டும், அதுதான் ஈர அளவு. நன்றாகச் சூடேறி 55 பாகை செல்சியசைத் தாண்டினால் புல் விதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். உள்ளே இருப்பது வெளியே வரும்படி இரண்டு மூன்று தரம் புரட்டிவிடவேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு இரண்டு எதிரிகள். மாரி மழையில் திறந்து கிடந்தால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும், சோளகக் காற்றில் காய்ந்தால் மக்குவது அப்படியே நின்றுவிடும். மர நிழலில் குவித்துக் கிடுகால் மூடுங்கள்.

வளவைக் கூட்டிக் கொளுத்துகிற பழக்கத்தையும் விடவேண்டும். வன்னி வெயிலில் வெறும் மண் சுட்டுக் காய்ந்துபோகும். அந்தச் சருகையே பாத்திக்கு மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், இறைப்பும் குறையும். தரிசாக விடுகிற துண்டில் பசுந்தாள் பசளையாகச் சணல் விதைத்து, பூக்கத் தொடங்கியதும் மடக்கி உழுது, இரண்டு கிழமை கழித்து நடலாம். இப்படி இரண்டு மூன்று வருடம் செய்தால் மண் பொலபொலவென்று வரும். ஒருநாள் இறைக்கப் பிந்தினாலும் கன்று வாடாமல் நிற்கும். எனக்கு இந்த முறையில் பிடித்த பலன் இதுதான்.

வேப்பங்கரைசலை மத்தியானத்தில் தெளிப்பவர்களும் உண்டு. வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும், பொழுதுபடத்தான் தெளிக்கவேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் இடித்த வேப்பம்பருப்பு, ஓர் இரவு ஊறவைத்து வடித்துக் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்தால் சரி. விதையை நிழலில் காயவிடுங்கள், பூஞ்சணம் பிடித்தது உதவாது. மறுநாள் புழு உயிரோடு கிடக்கிறதே என்று கைவிட வேண்டாம். வேம்பு உடனே கொல்லாது, புழுவைத் தின்னவும் வளரவும் விடாது. புழு சின்னதாக இருக்கும்போதே தெளித்தால்தான் அது பிடிக்கும், அதனால் பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.