பழைய சூப்பர்ஹீரோ படங்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலூர் வெயிலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகனை உட்கார வைத்து, 1978-இல் வந்த சூப்பர்மேன் படத்தைப் போட்டேன். நாயகன் பறக்கத் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. “இன்னா மாமா, கயிறு கட்டித் தூக்கினது அப்படியே தெரியுதே!” என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நம் ரசிகர் சண்டைகளில் பாதி இந்த மாதிரி ஒரு வரியில்தான் தொடங்குகின்றன. காட்பாடி டீக்கடையில் நண்பர்களோடு இருபது வருடமாக இதே பேச்சைப் பேசி வருவதால், எங்கெங்கே தடம் மாறுகிறோம் என்று கொஞ்சம் புரிந்திருக்கிறது. இதில் பல தவறுகளை நானும் செய்திருக்கிறேன்.

கயிற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்றைய கணினி வரைகலையை அளவுகோலாக வைத்து அன்றைய கேமராவை அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 1978-இல் கணினியில் ஒரு மனிதனைப் பறக்கவிட வழியில்லை. நடிகரை நீலத்திரைக்கு முன்னால் வைத்துப் படமெடுத்து, பின்னணியை அப்புறம் சேர்ப்பார்கள். ஆனால் சூப்பர்மேன் உடையே நீலம். திரையின் நீலத்தை எடுத்தால் உடம்பும் சேர்ந்து மறைந்துவிடும். அதனால் அந்தக் காட்சிகளுக்கென்று பச்சை கலந்த நீலத்தில் தனி உடை தைத்தார்கள். ஸோரான் பெரிசிக் என்ற கலைஞர் இன்னொரு வழி கண்டுபிடித்தார். பின்னணிக் காட்சியைத் திரையில் வீசும் புரொஜெக்டருக்கும், நடிகரைப் படமெடுக்கும் கேமராவுக்கும் ஒரே சீராக நகரும் ஜூம் லென்ஸ்களைப் பொருத்தினார். இரண்டும் சேர்ந்து நகரும்போது பின்னணி அதே அளவில் நிற்கும். நடிகர் மட்டும் பெரிதாகி நம்மை நோக்கிப் பாய்ந்து வருவார். உண்மையில் ஆள் இருந்த இடத்தை விட்டு அசைந்திருக்கவே மாட்டார்!

இதோடு கிரேன், கம்பி, கையால் வரைந்த பின்னணி எல்லாம் சேர்ந்தன. காட்சி விளைவுகளுக்காக அந்தப் படத்துக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். ஆனாலும் எனக்கு அந்தக் கருவிகளைவிடப் பெரிதாகத் தெரிவது சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் உடம்பு. அவர் நிஜமாகவே விமானம் ஓட்டத் தெரிந்தவர், இயந்திரமில்லாத கிளைடரையும் ஓட்டியவர். திரும்பும்போது முதலில் தோள் சாய்கிறது, பிறகு இடுப்பு, கடைசியில் கால். கம்பியில் தொங்கும் ஆளுக்கு இது தானாக வராது. அக்கா மகனிடம் கயிற்றை விட்டுவிட்டு அந்தத் தோளை மட்டும் பார்க்கச் சொன்னேன்.

அடுத்தது, நம் ஊர்க்காரர்கள் அதிகம் யோசிக்காத விஷயம். நாம் பார்த்தது உண்மையில் எந்தப் படம்? இந்தப் படங்களில் பலவற்றை நாங்கள் முதலில் பார்த்தது பழைய பெட்டி டிவியில், தமிழ் டப்பிங்கில், விளம்பரங்களுக்கு நடுவே. சூப்பர்மேன் படத்தின் சட்டகம் 2.35:1 என்ற அகலத் திரை அளவு. பெட்டி டிவியோ 4:3. அகலப் படத்தைப் பெட்டி நிறைய நிரப்ப வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வெட்டித்தான் ஆக வேண்டும். கணக்குப் போட்டால் படத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் தெரிந்தால் அது ஒளிப்பதிவாளர் குற்றமா? குரலும் அப்படியே. டப்பிங்கில் கேட்டுவிட்டு, “நடிக்கவே தெரியவில்லை” என்று தீர்ப்பு சொல்லக் கூடாது. டப்பிங்கை நான் குறைவாக நினைக்கவில்லை. 2002 மே கடைசியில், அக்னி நட்சத்திர வெயிலில் வரிசையில் நின்று ஸ்பைடர்மேனைத் தமிழில் பார்த்த அந்தச் சந்தோஷத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடிப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மூலக்குரலையும் ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டுவது டிவியில் மட்டும் நடப்பதில்லை. 2003-இல் வந்த டேர்டெவில் மோசம் என்று பல வருடம் நானே சொல்லித் திரிந்தேன். அடுத்த ஆண்டு வெளியான இயக்குநர் வடிவம் அதைவிடச் சுமார் அரை மணி நேரம் கூடுதல் நீளம். திரையரங்குக்காகத் தூக்கிவிட்ட ஒரு கொலை வழக்கு அதில் திரும்ப வருகிறது. அதற்குப் பிறகுதான் நாயகன் ஒரு வக்கீல் என்பதற்கே படத்தில் அர்த்தம் பிறக்கிறது. கதையில் ஓட்டை என்று நாம் சொல்வது சில சமயம் கத்தரிக்கோல் போட்ட ஓட்டை.

“காமிக்ஸில் இருப்பது போல எடுக்கவில்லை” என்பது இன்னொரு பெரிய புகார். எந்த வருடத்துக் காமிக்ஸ் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1938-இல் முதல் இதழில் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது, தாவத்தான் தெரியும். கிரிப்டோனைட் கல் பிரபலமானது 1943-இல், வானொலி நாடகத்தில். பேட்மேன் கொல்லலாமா என்று 1989 படத்தைப் பார்த்துக் கொதிப்பவர்கள் உண்டு. 1939-இல் தொடங்கிய கதைகளின் ஆரம்ப நாட்களில் அவர் கையில் துப்பாக்கியே இருந்தது, ஆட்களும் செத்தார்கள். 2002 படத்தில் ஸ்பைடர்மேனின் மணிக்கட்டிலிருந்து நேராக வலை வந்ததை அமெரிக்க ரசிகர்கள் பொறுக்கவில்லை. 1962 கதையில் அது அவன் தன் கையால் செய்த கருவி. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. காசில்லாத ஒரு பையனின் மூளையைக் காட்டிய விஷயம் அது. ஆனால் சில வருடங்களில் காமிக்ஸிலேயே கொஞ்ச காலம் உடம்பிலிருந்து வலை வந்தது.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. என் சிறுவயதில் வேலூர் பழைய பேருந்து நிலையத்துக் கடையில் எனக்குக் கிடைத்தவை முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவியும்தான். அமெரிக்கக் கதைகளில் பலவற்றை நாங்கள் படித்ததே இல்லை, கார்ட்டூனில் பார்த்ததை மூலம் என்று நம்பினோம். மூலத்தோடு ஒப்பிடுபவர்கள் மூலத்தின் ஒரு இதழையாவது புரட்டிவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

நகைச்சுவையாக எடுத்ததை, தெரியாமல் செய்த பிழை என்று நினைப்பதும் உண்டு. 1966 பேட்மேன் படத்தில் நாயகனாக நடித்த ஆடம் வெஸ்ட் புகைந்துகொண்டிருக்கும் குண்டைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் முழுக்க ஓடுவார். ஒரு பக்கம் கன்னியாஸ்திரிகள், ஒரு பக்கம் குழந்தை வண்டி, தண்ணீரில் வீசலாமென்றால் வாத்துகள். சிரிக்க வைக்கவே எழுதிய காட்சி அது. அதைப் பார்த்துச் சிரித்தால் படம் ஜெயித்தது என்றுதான் அர்த்தம்.

“ஏன் இவர்கள் எல்லோரும் ஒரே படத்தில் வரவில்லை?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இந்தக் கதைகளின் காமிக்ஸை வெளியிட்ட மார்வெல் நிறுவனம் 1996-இல் திவால் மனு கொடுத்த நிலையில் இருந்தது. எக்ஸ்மென்னைப் படமாக்கும் உரிமை ஃபாக்ஸ் நிறுவனத்திடம், ஸ்பைடர்மேன் உரிமை சோனியிடம். 2000-இல் எக்ஸ்மெனும் 2002-இல் ஸ்பைடர்மேனும் வந்தபோது இருவரும் கைகுலுக்கச் சட்டப்படியே இடமில்லை. ஒன்றிணைந்த மார்வெல் வரிசை தொடங்கியதே 2008-இல், அயர்ன் மேனோடு.

நடிகர் பெயர் வந்ததும் தீர்ப்பு எழுதும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கேல் கீட்டனைப் பேட்மேனாக அறிவித்தபோது தயாரிப்பு நிறுவனத்துக்கு எதிர்ப்புக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. எங்கள் வடார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த அதே 1989-இல் படம் வந்தது. அந்த ரப்பர் முகமூடியில் கழுத்தைத் திருப்ப முடியாது என்பதால் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். அதுவே அந்தப் பாத்திரத்தின் மிடுக்காகிவிட்டது. எக்ஸ்மென் காமிக்ஸில் வோல்வரின் குள்ளமானவன், படத்தில் அவனாக நடித்த ஹியூ ஜாக்மன் ஆறடிக்கு மேல். இன்று வேறு ஆளை யாராவது நினைக்கிறார்களா?

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஹெலிகாப்டர் காட்சியை இரண்டாவது முறை போடச் சொன்னான். அடுத்த ஞாயிறு இரண்டாம் பாகம் பார்க்கப்போகிறோம். முதல் படத்தின் இயக்குநர் ரிச்சர்ட் டோனர் அதில் பெரும்பகுதியை எடுத்திருந்த நிலையில் அவரை நீக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து முடித்தார்கள். 2006-இல் டோனர் வடிவம் தனியாக வந்தது. சூப்பர்மேனின் அப்பாவாக மார்லன் பிராண்டோ நடித்த காட்சிகள் அதில்தான் இருக்கின்றன. முதலில் லெஸ்டருடையது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டோனருடையது. எது நல்லது என்று அவனே சொல்லட்டும், இரண்டையும் பார்த்த பிறகு.