செல் ஓடுகிறதா, தரை ஓடுகிறதா: கோழிக்கருவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் புதுச்சேரி லேபுக்கு ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் கடலூரிலிருந்து காலை பஸ் பிடித்து வருபவர்கள். முதல் மாதம் மஞ்சள் கருவைக் கிழிப்பார்கள், கருவை வெட்டி எடுக்கும்போது கைநழுவ விடுவார்கள். அதெல்லாம் கை பழகினால் போய்விடும். நான் எழுத வந்தது, ஒரு வருடம் ஆனாலும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் தவறுகளைப் பற்றி. எல்லாமே நான் செய்தவை.

மணிக்கணக்கில் வயது சொல்வது

"33 மணி நேரக் கரு" என்று நோட்டில் எழுதாதீர்கள். கத்திரி வெயிலில் பண்ணையிலிருந்து தட்டில் கட்டி வரும் முட்டை, இன்குபேட்டரைப் பார்ப்பதற்கு முன்பே வளரத் தொடங்கியிருக்கும். சோமைட்டுகளை, அதாவது முதுகெலும்பாகவும் தசையாகவும் மாறப்போகும் ஜோடி ஜோடியான திசுக்கட்டிகளை, எண்ணுங்கள். 10 ஜோடி இருந்தால் அது 10-ஆம் நிலை. ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951-இல் கோழிக்கருவை 46 நிலைகளாக வகுத்தது உருவத்தை வைத்துத்தான்.

செல்லை மட்டும் பின்தொடர்வது

என் ஒன்றரை வருட உழைப்பு இதில்தான் போனது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

கரு ஆதிக்கோடு (நடுவில் தோன்றும் பள்ளக் கோடு) போட்டு, செல்கள் அதன் வழியாக உள்ளே இறங்கிப் பரவும் கட்டம். முழு நீளத்தில் அந்தக் கோடு ஏறத்தாழ 2 மி.மீ. தான் இருக்கும். செல்களுக்குப் பச்சை ஒளிர்வு ஏற்றி, சில நிமிடங்களுக்கு ஒரு படமாக இரவெல்லாம் எடுத்தேன். பச்சைப் புள்ளிகள் அழகாக வளைந்து வளைந்து போயின. ஒவ்வொரு புள்ளியையும் படம் படமாகக் கையால் குறித்துப் பாதை வரைந்தேன். "செல்கள் ஃபைப்ரோனெக்டின் இழைகளின் மேல் ஊர்ந்து செல்கின்றன" என்று கட்டுரை எழுதி அனுப்பினேன். ஃபைப்ரோனெக்டின் என்பது செல்களுக்கு வெளியே இழையாகப் படியும் ஒரு புரதம். திரும்பி வந்த கேள்வி ஒரே வரி: அந்த இழைகள் அசையாமல் இருந்தன என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. என் எந்தப் படத்திலும் இழைகளே இல்லை, செல்கள் மட்டும்தான். வேறு தவறென்றால் மறுபடி கணக்குப் போட்டுத் திருத்தலாம். இதைத் திருத்த வழியில்லை. பதிவாகாத நிறத்தைப் பிறகு எங்கே போய்த் தேடுவது? முதல் முட்டையிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன்.

வில்லியனூர் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்மேல் நிற்கும் குருக்கள் வீதி முழுக்க நகர்ந்து போகிறார், ஆனால் ஒரு அடிகூட நடக்கவில்லை. மாடியிலிருந்து அவர் தலையை மட்டும் பார்ப்பவருக்கு அவர் நடப்பதுபோலத்தான் இருக்கும். கருவும் அப்படித்தான். செல்களுக்கு வெளியே இருக்கும் புரத வலையை, நாங்கள் மேட்ரிக்ஸ் என்று சொல்வதை, பாடப்புத்தகம் தார் ரோடு மாதிரி வரைந்துவிடுகிறது. அது ரோடு அல்ல. 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, உயிருள்ள கருவில் ஃபைப்ரோனெக்டின் இழைகளுக்கே ஒளிர்வு ஏற்றிப் பார்த்தது. ஆதிக்கோடு உருவாகும்போது மேலடுக்குச் செல்கள் சுழன்று நகர்வது பழைய செய்தி. கீழே இருக்கும் இழைகளும் அவற்றோடு சேர்ந்து சுழல்கின்றன என்பது புதுச் செய்தி. 2010-இல் வால் பக்கத்தில், சோமைட்டாக மாறப்போகும் திசுவில், செல்லின் நகர்விலிருந்து மேட்ரிக்ஸின் நகர்வைக் கழித்துப் பார்த்தார்கள். மிஞ்சியது திசையற்ற அலைச்சல். வால் முனையில் அதிகம், தலைப் பக்கம் போகப்போகக் குறைவு. அந்த ஏற்றத்தாழ்வை நடத்துவது எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தின் சமிக்ஞை. கழிக்காமல் பார்த்திருந்தால் எல்லாச் செல்லும் ஒரே திசையில் ஊர்வலம் போவதாகத்தான் எழுதியிருப்பார்கள்.

போன மாதம் ஒரு மாணவி, கடலூர் முதுநகர்ப் பெண், திரையைக் காட்டி, "மேடம், செல்லு எல்லாம் எப்படி ஓடுது பாருங்க" என்றாள்.

"செல்லு ஓடுதா, தரை ஓடுதாம்மா?"

"டிரிஃப்ட் எல்லாம் சரி பண்ணிட்டேன் மேடம்."

நானும் அன்றைக்கு இதையேதான் சொன்னேன். டிரிஃப்ட் திருத்தம் என்பது வடிதாள் வளையம் நழுவியதையோ, மைக்ராஸ்கோப் மேடை நகர்ந்ததையோ சரிசெய்யும். படம் முழுதும் ஒரே அளவு நகர்ந்தால்தான் அதற்குப் பிடிபடும். திசுவோ ஓரிடத்தில் வேகமாக, ஓரிடத்தில் மெதுவாக, ஓரிடத்தில் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒவ்வொரு செல்லுக்கும் அதன் பக்கத்து இழை எவ்வளவு நகர்ந்தது என்று தனித்தனியாகப் பார்த்தே ஆகவேண்டும்.

செய்யும் விதம் இது. அகர்-வெள்ளைக்கரு தட்டில் கருவை வயிற்றுப்பக்கம் மேலாக வைத்திருப்போம். ஒளிர்வு ஏற்றிய ஃபைப்ரோனெக்டின் ஆன்டிபாடியைக் கண்ணாடி ஊசியால் பல இடங்களில் துளித்துளியாகச் செலுத்துங்கள். உயிருள்ள செல்லுக்குள் ஆன்டிபாடி நுழையாது, வெளியே உள்ள இழைகளில்தான் ஒட்டும். இரண்டு நிறத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுங்கள். இழை, செல்லின் அதே ஆழத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலடுக்கின் அடியிலுள்ள இழையை வைத்து உள்ளே இறங்கிவிட்ட செல்லைக் கணக்கிட்டால் பழைய தவறுக்கே திரும்பிவிடுவீர்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. இழைகள் ஒரே திசையில் நீண்டு கிடந்தால் உடனே "வழிகாட்டிகள்" என்று பெயர் வைக்காதீர்கள். திசு இழுபட்டதால் இழை அப்படி நீண்டிருக்கலாம். செத்த கருவின் ஒற்றைப் படத்தில் எது காரணம், எது விளைவு என்று சொல்லவே முடியாது.

ஃபைப்ரோனெக்டின் இருந்தால் அதுதான் பாதை என்று நினைப்பது

கண்ணாடித் தட்டில் ஃபைப்ரோனெக்டின் பூசினால் நியூரல் கிரெஸ்ட் செல்கள் (நரம்புக்குழாயின் மேல்விளிம்பிலிருந்து கிளம்பிப் போய் நரம்பு, நிறமிச் செல்கள் போன்றவையாக மாறுபவை) நன்றாக ஓடும். கருவில் நிலைமை வேறு. உடல் பகுதியில் அந்தச் செல்கள் ஒவ்வொரு சோமைட்டின் முன்பாதி வழியாகத்தான் போகின்றன, பின்பாதிக்குள் நுழைவதில்லை. ஃபைப்ரோனெக்டினோ இரண்டு பாதியிலும் இருக்கிறது. பின்பாதியில் எஃப்ரின் போன்ற தடுக்கும் மூலக்கூறுகள் இருப்பதுதான் வித்தியாசம். பிடிப்புக் கொடுப்பதும் வழி காட்டுவதும் வேறு வேறு வேலை.

ஆர்ஜிடி மட்டும் போடுவது

ஆர்ஜிடி என்பது ஃபைப்ரோனெக்டினில் செல் பிடித்துக்கொள்ளும் இடத்தைப் போன்ற சிறு புரதத் துண்டு; செல்லின் பிடியைத் தடுக்கப் போடுவது. ஆர்ஜிஇ அதில் ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறிய, பிடியைத் தடுக்காத துண்டு. பக்கத்தில் ஆர்ஜிஇ போட்ட கரு இல்லாவிட்டால் அந்த முடிவை என்னிடம் காட்ட வேண்டாம்.

எந்த ஆன்டிபாடி என்று பார்க்காதது

பார்ப்பதற்கு ஒன்று, தடுப்பதற்கு ஒன்று. சிஎஸ்ஏடி ஆன்டிபாடி, செல் மேட்ரிக்ஸைப் பற்றும் கை போன்ற இன்டெக்ரின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். 1980-களிலேயே தலைப் பகுதி நியூரல் கிரெஸ்ட் செல்களின் பயணத்தை அதைச் செலுத்திக் குலைத்துக் காட்டியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர் அதை ஊசியில் எடுக்கக் கூடாது.

சோடியம் அசைடு

ஆன்டிபாடி கெடாமலிருக்கச் சேர்த்திருப்பார்கள். கருவுக்கு அது விஷம். ஊசியில் ஏற்றுவதற்கு முந்தைய இரவே டயாலிசிஸில் (நுண்துளைச் சவ்வுப் பையில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) போட்டு நீக்கிவிடுங்கள்.