ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது எப்படி

நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள்கூட இந்த விஷயத்தில் சறுக்கிவிடுகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன்.

சித்தப்பாவை ஜிப்மரில் சேர்த்திருந்த சமயம். சித்திதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். ஒரு நாள் காலை எட்டரை மணிக்குச் சாம்பார் சாதம் கிளறி, ஆவி பறக்கப் பறக்க டிபன் கேரியரில் அடைத்து, மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்குப் பஸ் ஏறினேன். சித்தப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள், சித்தியும் கூடப் போயிருந்தார். கேரியரைத் திறக்கும்போது மணி ஒன்றரை. கத்திரி வெயில் காலம் வேறு. மூடியைத் தூக்கியதும் லேசாகப் புளித்த வாடை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "வயிறு நெறைஞ்சிடுச்சும்மா" என்று மூடி வைத்தார். முந்தின நாள் ராத்திரியும் அவர் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். சாதம் வடிக்கவும் தாளிக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், யாரிடம் எப்படிக் கேட்பது

"என்ன வேணும், சொல்லுங்க, செஞ்சு கொண்டு வரேன்" என்று கேட்காதீர்கள். "ஒண்ணும் வேணாம்மா" என்றுதான் பதில் வரும். துக்கத்தில் இருப்பவருக்கு யோசித்துச் சொல்லத் தெம்பு இருக்காது. "நாளைக்கு ராத்திரி சாப்பாடு நான் எடுத்துட்டு வரேன் அண்ணி, ஏழரைக்கு வந்துடுவேன்" என்று முடிவாகச் சொல்லிவிடுங்கள். மற்ற விவரங்களை அந்த வீட்டில் ஓடியாடிக்கொண்டிருக்கும் மச்சினரிடமோ நாத்தனாரிடமோ தனியாகக் கேளுங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை, பிரஷர், கிட்னி பிரச்சினை இருக்கிறது, எதைச் சேர்க்க மாட்டார்கள். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

துக்க வீடாக இருந்தால் நாளும் முக்கியம். எங்கள் பக்கத்தில் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். முதல் ரெண்டு நாள் சம்பந்தி வீட்டார், பங்காளிகள், தெருக்காரர்கள் என்று ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டு வருவார்கள், பாதி மிஞ்சிப்போகும். பால் தெளித்து முடிந்ததும் ஊர்க்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். அதிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இருக்கிறதே, அந்த நாட்களில்தான் அந்த வீட்டம்மா அடுப்பு முன்னால் நின்று என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார். நான் எப்போதும் ஐந்தாம் நாளுக்கு மேல்தான் போகிறேன். காரியம் முடியும்வரை கவிச்சி சேர்க்காத வீடுகள் உண்டு. தாளிக்காமல் சாப்பிடும் வீடுகளும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வடை, பாயசம், கேசரி பக்கமே போகாதீர்கள்.

என்ன சமைப்பது

மனசு சரியில்லாதவருக்குத் தொண்டையில் இறங்குவதுதான் கஷ்டம். அதனால் குழைவாக இருக்கட்டும், காரம் குறைவாக இருக்கட்டும், மென்று தின்ன வேண்டியது கம்மியாக இருக்கட்டும். நான் துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே சாப்பாடுதான்: கொஞ்சம் குழைய வடித்த சாதம், மிளகு ரசம், தேங்காய் வைக்காத பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். குழந்தைகள் இருந்தால் தயிர் சாதம் தனியாக.

ஐந்து பேருக்கு ரசம். சின்ன எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்து நாலு டம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். மிளகு ரெண்டு டீஸ்பூன், சீரகம் ரெண்டு டீஸ்பூன், பூண்டு எட்டுப் பல். இதை மிக்ஸியில் போட வேண்டாம். மிக்ஸியில் மாவாகி ரசம் கலங்கிப்போகும், பூண்டு வாடையும் தூக்கலாகத் தெரியும். சின்ன உரலில் ஒன்றிரண்டாக நசுக்குங்கள். உரல் இல்லை என்றால் சப்பாத்திக் கட்டையால் துணிக்குள் வைத்துத் தட்டினாலும் சரி. ரெண்டு தக்காளியைப் புளித்தண்ணீரில் பிசைந்து விட்டு, மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பச்சை வாடை போகும்வரை கொதிக்க விடுங்கள். நசுக்கியதைப் போட்டு, பருப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றி, நுரை கூடி மேலே வரும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் கொதித்தால் கசக்கும். கடைசியில் நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, கொத்தமல்லி தூவுங்கள். காய்ந்த மிளகாய் வேண்டாம், மிளகின் காரமே போதும்.

துவையலுக்கு அரை டம்ளர் துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, மூன்று மிளகாய், ரெண்டு பல் பூண்டு, உப்பு வைத்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். விடும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். தேங்காய் சேர்த்தால் ருசிதான், ஆனால் நம் ஊர் வெக்கைக்கு மதியத்துக்குள் கெட்டுப்போகும். அதே காரணத்துக்காகத் தேங்காய்ச் சட்னியையும் நான் வெளியே கொண்டுபோவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு என்றால் சாப்பாடு நோயாளிக்கு இல்லை, கூட இருப்பவருக்கு. நோயாளிக்கு என்ன கொடுக்கலாம் என்பதை டாக்டரும் நர்ஸும்தான் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் எப்போது சாப்பிடுவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் பொடி தடவிய இட்லிதான் என் முதல் தேர்வு. இட்லி சூடாக இருக்கும்போதே ரெண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டுக் கட்டுங்கள். ஆளுக்கு நாலு. காலையில் கட்டினால் ராத்திரிவரை தாங்கும், ஒரு கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம்.

தயிர் சாதத்துக்கு ஒரு டம்ளர் அரிசியை மூன்றரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து மசியுங்கள். ரெண்டு டம்ளர் காய்ச்சிய பாலை ஊற்றிப் பிசைந்து, வெதுவெதுப்பாக ஆன பிறகு ரெண்டே கரண்டி தயிர் விட்டுக் கலக்குங்கள். சாப்பிடும் நேரத்துக்குப் பால் தானாகவே உறைந்து பதமாக இருக்கும். முழுக்கத் தயிரே ஊற்றினால் போய்ச் சேருவதற்குள் புளித்துவிடும். வெங்காயம் போடாதீர்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம்: கட்டுவது

சாம்பார் சாதம் ஏன் கெட்டது என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. பருப்பு சரியாக வேகவில்லையோ, காய் பழசோ என்றெல்லாம் நினைத்தேன். விஷயம் சூட்டில் இருந்தது. ஆவி பறக்கும் சாதத்தைச் சாதாரண கேரியரில் அடைத்தால் ஆவி மூடியில் முட்டி, வியர்த்து, சொட்டுச் சொட்டாகச் சாதத்தின் மேலேயே விழும். கேரியர் சூட்டைப் பிடித்தும் வைக்காது, சட்டென்று ஆறவும் விடாது. மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமி பெருக அதுதான் தோதான சூடு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து வாந்தி வரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஏற்கெனவே தூக்கம் கெட்டு, பட்டினி கிடக்கும் உடம்பு எப்படித் தாங்கும்?

ஆகவே ரெண்டில் ஒன்று. நல்ல சூடாகவே, அதாவது 60 டிகிரிக்கு மேலேயே வைத்து, ரெண்டு மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட வைக்க வேண்டும். இல்லையென்றால் நன்றாக ஆறவிட்டுக் கட்ட வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது.

சூடாகக் கொண்டுபோக ஹாட்பாக்ஸ் மட்டும் போதாது. சமையல் முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஹாட்பாக்ஸிலும் ஃபிளாஸ்கிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வையுங்கள். பிறகு அதைக் கொட்டிவிட்டு உடனே சாதத்தையும் ரசத்தையும் மாற்றுங்கள். குளிர்ந்த பாத்திரத்தில் ஊற்றினால் பாதிச் சூட்டைப் பாத்திரமே உறிஞ்சிவிடும். சாதத்தின் மேல் துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியை நாலாக மடித்துப் போட்டு மூடுங்கள். வியர்வையைத் துணி குடித்துக்கொள்ளும். இட்லிக்கும் இதே வேலைதான். ரசத்துக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் ஃபிளாஸ்க்கே என் கட்சி. பிளாஸ்டிக் உடம்பு போட்டதில் புளி வாடை ஏறிக்கொண்டு எத்தனை கழுவினாலும் போவதில்லை.

புளி சாதம், எலுமிச்சை சாதம் மாதிரிக் கலந்த சாதங்களை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அவசரத்தில் இந்த அரை மணி நேரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பாத்திரம்

பக்கத்து வீட்டு அண்ணன் தவறிப்போனபோது அக்காவுக்கு என் அடுக்குக் கேரியரில் சாப்பாடு கொடுத்திருந்தேன். மறுநாள் சாயந்திரம் அக்காவே வாசலில் வந்து நின்றார். தலை வாரியிருக்கவில்லை. கேரியரைப் பளபளவென்று தேய்த்திருந்தார். உள்ளே மேலடுக்கில் ஒரு டம்ளர் சர்க்கரை. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது இல்லையா, அதற்காக அந்த நிலைமையிலும் அடுக்களைக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அன்றிலிருந்து திருப்பித் தர வேண்டிய பாத்திரத்தை வைத்துவிட்டு வருவதில்லை. வாழை இலையை அடுப்பு அனலில் வாட்டினால் கிழியாமல் மடியும். கலந்த சாதத்தை ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, பாக்குமட்டைத் தட்டும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். வெளியே நியூஸ் பேப்பர் சுற்ற வேண்டாம், அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும். பாலித்தீன் தாளும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே அதற்குத் தடை. ஃபிளாஸ்க் கொண்டுபோனால் கூடவே இருந்து, அவர்கள் வீட்டுக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு ஃபிளாஸ்கைக் கையோடு எடுத்து வந்துவிடுவேன். முடிந்தால் சிங்க்கில் கிடக்கும் நாலு பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு வாருங்கள்.

பொட்டலத்தின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுங்கள். என்ன சாதம், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும், இவ்வளவுதான். "மதியம் 2 மணிக்குள், மிஞ்சினால் வைக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டால் அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். சாப்பிட்டீர்களா, பிடித்ததா என்று போன் போட்டுக் கேட்கவும் வேண்டாம்.

புயல், வெள்ளம்

இது நம் கடலோரத்துக்கு எழுதியே ஆக வேண்டிய பகுதி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரை கடந்து, பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி மரங்களை எல்லாம் சாய்த்துப் போட்டபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் பாண்டி அருகே கரை கடந்தது. பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் தாழ்வான இடங்களில் புகுந்தது. அந்த மாதிரி நேரத்தில் ரசம், தயிர் எதுவும் உதவாது. சூடு பண்ணத் தேவையில்லாத புளி சாதம், எலுமிச்சை சாதம், கூடவே குடிதண்ணீர். தண்ணீர்தான் முதலில் தீர்ந்துபோகும். ஐப்பசி பிறந்ததும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிடுவேன். எண்ணெய் மேலே மிதக்கும்படி சுண்டக் காய்ச்சினால் பல நாள் இருக்கும், அரிசி வடித்தால் போதும். ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது.

பிறகு சேர்த்தவை

வில்லியனூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: சர்க்கரை உள்ள மாமியாருக்குக் குழைந்த சாதம் கொடுத்ததில் சர்க்கரை ஏறிவிட்டதாம். சரியான கேள்விதான். அவர்களுக்குச் சாதத்தைக் குறைத்து, பாசிப்பருப்பு போட்ட கூட்டை அதிகமாக வையுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டுக்கு நான் அரை மணி நேரம் முன்னாடியே போய்விடுகிறேன்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீட்டுக்கு இந்த ரசத்தைக் கேட்காமல் கொண்டுபோகாதீர்கள். உப்பு மட்டும் இல்லை, தக்காளியிலும் பருப்பிலும் இருக்கும் பொட்டாசியமும் அவர்களுக்கு ஆகாமல் போகலாம். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று வீட்டாரிடம் கேட்டு அதையே செய்யுங்கள்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியது: அவர்கள் பக்கம் மௌத்து வீட்டுக்கு அண்டை அயலார்தான் சாப்பாடு அனுப்புவார்களாம், கவிச்சி கூடாது என்று எதுவும் கிடையாதாம். நான் மேலே எழுதியது எங்கள் தெரு வழக்கம். நீங்கள் போகும் வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொருவர், ஹாட்பாக்ஸுக்குள் போட்ட துணியில் சோப்பு வாடை அடித்துச் சாதமெல்லாம் மணந்துவிட்டது என்றார். அந்தத் துணியைத் தனியாக வைத்துக்கொண்டு, சோப்புப் போடாமல் வெறும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். நான் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்து ஆறு துண்டு வைத்திருக்கிறேன்.