தில்லி கோடையில் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறதா? பேஸ்ட் வாங்கும் முன் பக்கக் கதவைத் திறங்கள்

மே மாதத் தில்லியில், மொட்டைமாடி அறையான பர்சாத்தியில் குடியிருப்பவருக்கு அறைக்குள்ளேயே 38 டிகிரி சாதாரணம். கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டும் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. அறைச் சூடு 10 டிகிரி ஏறினால் கார்டின் சூடும் ஏறக்குறைய அவ்வளவே ஏறும். ஜனவரியில் 68-இல் ஓடிய கார்டு இப்போது 80-ஐத் தொட்டால் பழுது என்று நினைக்க வேண்டாம். பல என்விடியா கார்டுகள் 83-ஐ ஒட்டித்தான் வேகத்தைத் தாமாகவே குறைக்கத் தொடங்கும். விளையாட்டு திடீரென்று திக்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

முதலில் அளந்து பாருங்கள். ஜிபியு-இசட் மென்பொருள் இலவசம். அதில் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 20 நிமிடம் விளையாடுங்கள். கார்டின் சூடு, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) சூடு, விசிறியின் வேகம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஹாட்ஸ்பாட் தெரியாது; மற்ற இரண்டும் போதும். சும்மா இருக்கும்போது விசிறி சுற்றவில்லையே என்று பதற வேண்டாம், பல கார்டுகளில் அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. செலவே கிடையாது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே விளையாட்டை அதே 20 நிமிடம் ஓட்டுங்கள். சூடு எட்டு, பத்து டிகிரி இறங்கினால் கார்டின் மேல் குற்றமில்லை, கேபினெட்டுக்குள் காற்று ஓடவில்லை. ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியது என்றால் கார்டைக் கவனிக்க வேண்டும்.

கேபினெட்தான் காரணம் என்றால் முன்பக்க வலையை உருவிப் பாருங்கள். ஒரு ஆந்தி (புழுதிப்புயல்) அடித்து ஓய்ந்தால் போதும், கம்பளி போர்த்தியதுபோல் புழுதி அப்பியிருக்கும். கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அப்புறம் விசிறிகளின் திசை. வழக்கமான விசிறியில் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே என்று இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு டிஷ்யூ துண்டைக் காட்டிப் பாருங்கள். இன்னொன்று: டெசர்ட் கூலரை நேராகக் கேபினெட் மேல் திருப்பாதீர்கள். ஜில்லென்று இருக்கும்தான், ஆனால் அது ஈரக்காற்று, சமயத்தில் துளியும் தெறிக்கும்.

கார்டுதான் காரணம் என்றால் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். பவர் கேபிளையும் பின்பக்கத் திருகுகளையும் எடுங்கள். கார்டு செருகியிருக்கும் ஸ்லாட்டின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். விரல் எட்டாவிட்டால் பிளாஸ்டிக் ஸ்கேலால் அழுத்துங்கள். கொக்கி விடுபடாமல் கார்டை இழுத்தால் ஸ்லாட்டே பெயர்ந்துவிடும். வெளியே எடுத்ததும் புளோயரால் ஊதுங்கள், ஆனால் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு. தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

இன்னும் இறங்கவில்லையா? ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு) 80 சதவீதத்துக்குக் குறையுங்கள். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் பிரேம் வேகத்தையும் (நொடிக்கு எத்தனை படம்) 60-இல் கட்டிவிடுங்கள். வேகத்தில் இழப்பது கொஞ்சம்தான், சூடு கண்ணுக்குத் தெரிந்தே இறங்கும்.

சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கும் உலோக ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசும் பேஸ்ட் கடைசியில்தான். கார்டின் சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் சகஜம். 25, 30-ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். வாரண்டி இருந்தால் திறக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். முடிந்துவிட்டது, கை நடுங்குகிறது என்றால் தில்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் கண்முன்னே செய்துதரும் கடையாகப் பாருங்கள். திறக்கும்போது மெமரி சிப்புகள் மேல் இருக்கும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது. வீட்டுக்கு வந்ததும் அதே விளையாட்டு, அதே 20 நிமிடம். ஹாட்ஸ்பாட் வித்தியாசம் 15-க்குள் வந்துவிட்டால் பக்கக் கதவை மாட்டிவிடலாம்.