பனிவண்டி நாய்களிடம் விடைபெறும் முறை

பல ஆண்டுகள் பனிவண்டி இழுத்த நாய்களை விட்டுப் பிரிய நேர்பவர், எல்லாவற்றையும் ஒரே நாளில் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டால் வேதனை சீக்கிரம் தீரும் என்று நினைப்பதுண்டு. அது வண்டியோட்டியின் வேதனையைக் குறைக்கலாம், நாய்களுக்கு உதவாது. இன்னொரு வண்டியோட்டி அணி முழுவதையும் ஓட்டுவதற்காகவே ஏற்றுக்கொண்டாலன்றி, ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியாக இடம் தேட வேண்டும்; அதற்குச் சில மாதங்களாவது ஆகும்.

முதலில் ஒவ்வொரு நாயின் வயது, மூட்டுகளின் நிலை, எந்த நாயின் பக்கத்தில் ஓடியது, எதனுடன் ஒத்துப்போகாது என்பவற்றை எழுதி வையுங்கள். ‘ஜீ’ என்றால் வலப்புறமும் ‘ஹா’ என்றால் இடப்புறமும் திரும்பத் தெரிந்த முன்னோடி நாய், ஓட்டத்தில் சற்றுத் தளர்ந்திருந்தாலும், புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குப் பெருந்துணையாக இருக்கும். வண்டியை ஒட்டி ஓடும் கடைசி இணை, திருப்பங்களில் வண்டியின் பாரத்தை அதிகம் தாங்கியது என்பதால், அதன் தோளையும் இடுப்பையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே அடுத்த இடத்தை முடிவு செய்யுங்கள். நெடுநாள் அருகருகே ஓடிய இரண்டை இயன்றவரை ஒரே வீட்டுக்கு அனுப்புங்கள்.

வேலையைத் திடீரென நிறுத்தாமல், ஓடும் தூரத்தை வாரந்தோறும் குறைத்து வர வேண்டும். நெடுந்தூரப் பந்தயத்தின்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கலோரி வரை உண்ணும் நாய்க்கு, ஓட்டம் நின்ற பிறகும் அதே கொழுப்பும் இறைச்சியும் கொடுத்தால், அது விரைவில் பருத்து, தேய்ந்த மூட்டுகளில் கூடுதல் பாரம் ஏறும்.

வெளியிலேயே வளர்ந்த நாய்க்கு மாடிப்படியும் வழுக்கும் தரையும் கண்ணாடிக் கதவும் புதியவை. ஆகவே தினமும் சிறிது நேரம் வீட்டுக்குள் அழைத்துப் பழக்குங்கள். கயிற்றில் பிடித்து நடத்தினால் அது இழுக்கத்தான் செய்யும். நாம் கற்றுக்கொடுத்ததே அதுதானே! இழுவைக் கச்சையை ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நடைக்குக் கழுத்துப்பட்டையைப் பூட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அது மெல்லப் புரிந்துகொள்ளும். பூனையையோ கோழியையோ கண்டால் அது என்ன செய்யும் என்பதை ஏற்பவரிடம் மறைக்காதீர்கள்.

தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டு முடிப்பது அவசியம். 1991இல் கையெழுத்தான அண்டார்க்டிகா சுற்றுச்சூழல் நெறிமுறை, 1994 ஏப்ரல் 1க்குள் அந்தக் கண்டத்திலிருந்து எல்லா நாய்களும் அகற்றப்பட வேண்டும் என்றது. நாய்களின் நோய் சீல் என்னும் கடல்வாழ் விலங்குகளுக்குத் தொற்றலாம் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். தலைமுறைகளாகப் பிற நாய்க்கூட்டங்களையே காணாமல் வளர்ந்தவை அங்கிருந்து வெளியேறியபோது, ஆபத்து எதிர்த்திசையிலும் இருந்தது: வெளியிலுள்ள நாய்களின் நோய் அவற்றைத் தாக்கலாம். ஒதுங்கிய இடத்தில் வளர்ந்த எந்த அணிக்கும் இது பொருந்தும். கிரீன்லாந்தில் பனிவண்டி நாய்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியிலிருந்து ஒருமுறை வெளியே போன நாய் திரும்பிவர அனுமதி இல்லை. அங்குள்ளவர்கள் இன்னும் நிதானமாக முடிவெடுக்க வேண்டும். மற்ற இடங்களில், புதிய வீடு ஒத்துவராவிட்டால் நாய் உங்களிடமே திரும்ப வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி ஓட்டம் குறுகியதாகவும், அணியிலேயே மெதுவாக ஓடும் நாயின் வேகத்திலும் இருக்கட்டும். கச்சைகளைக் கையில் எடுத்ததுமே, தங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று கிழநாய்களும் கதறும். அவற்றுக்கும் பூட்டி, சில நூறு அடியாவது ஓடவிடுங்கள்.

புறப்படும் நாளில் கட்டிப்பிடித்து அழுவதை ஒத்திவைத்துவிட்டு, அது படுத்த துணியைத் துவைக்காமல் உடன் கொடுத்தனுப்புங்கள். மீதமுள்ளவை அன்றிரவு ஊளையிடக்கூடும். அவற்றின் உணவு நேரத்தை மாற்றாதீர்கள், போன நாயின் கூண்டையும் உடனே பிரிக்காதீர்கள். இறுதியாக எஞ்சும் இரண்டை ஒரே நாளில் அனுப்புங்கள். பக்கத்தில் இன்னொரு நாயின் மூச்சு கேட்காமல் ஓர் இரவும் உறங்கியறியாத நாயை வெறிச்சோடிய முற்றத்தில் தனியே விட்டுவைக்கக் கூடாது.