பெரிய ஃபண்டு வாங்கியதை நம்பி சுரங்கப் பங்கில் இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

கனடாவின் வென்ச்சர் சந்தை, லண்டனின் ஏய்ம், ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ்.எக்ஸ்.: மூன்றும் பங்குச் சந்தைகள். சிறு சுரங்கக் கம்பெனிகள் அதிகம் இருப்பது இங்கேதான். பல கம்பெனிகளுக்கு விற்க ஒரு கிராம் தங்கம்கூடக் கிடையாது. கையில் இருப்பது நிலத்தின் உரிமமும் துளையிடும் திட்டமும் மட்டுமே. வருமானம் இல்லாதவருக்கு வங்கி எளிதில் கடன் தராது. அதனால் காசு தீரும்போதெல்லாம் புதுப் பங்குகளை வெளியிட்டு ஃபண்டுகளிடம் நேரடியாக விற்கிறார்கள். இதுதான் பிளேசிங்.

பிளேசிங் செய்தி வந்ததும், "அவ்வளவு பெரிய ஃபண்டு, விசாரிக்காமலா வாங்கியிருக்கும்?" என்று மறுநாளே சந்தையில் வாங்கிவிடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இது. ஃபண்டு வாங்கிய சரக்கு வேறு, நீங்கள் வாங்கும் சரக்கு வேறு.

ஒரு கணக்குப் போடுவோம். கனடாவில் ஒரு பங்கு 20 சென்ட்டுக்குப் போகிறது. ஃபண்டுக்கு அது 16 சென்ட்டில் கிடைக்கிறது. அதோடு இரண்டு பங்குக்கு ஒரு வாரன்ட்: அடுத்த இரண்டு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் 25 சென்ட்டுக்கு இன்னொரு பங்கு வாங்கும் உரிமை. கனடாவில் இப்படி வாங்கிய பங்கைப் பொதுவாக 4 மாதம் விற்க முடியாது. 4 மாதம் கழித்து விலை 16-க்கே இறங்கியிருந்தாலும், பங்கை விற்றுப் போட்ட பணத்தை எடுத்துவிட்டு, வாரன்ட்டைச் செலவில்லாமல் வைத்துக்கொள்ளலாம். 20 சென்ட்டுக்கு வாங்கிய உங்களுக்கோ 20 சதவீதம் நஷ்டம். அந்த 4 மாதம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். விற்பனை அழுத்தம் வருவது பெரும்பாலும் அப்போதுதான். லண்டனில் பொதுவாக அந்தத் தடையும் இல்லை, புதுப் பங்கு பட்டியலானதுமே விற்கலாம்.

அப்புறம், உங்கள் பங்கு எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்க்காமல் விடுவது. அதே கம்பெனியில் ஏற்கெனவே 10 கோடி பங்கு இருக்கிறது, இப்போது 2.5 கோடி புதிதாக வருகிறது என்று வையுங்கள். 1 சதவீதம் வைத்திருந்தவர் 0.8 சதவீதத்துக்கு இறங்குகிறார். வாரன்ட் எல்லாம் பங்காக மாறினால் 0.73. தங்கம் கிடைத்தாலும் உங்கள் பங்கு இவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான பதற்றமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 5 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் ஃபண்டு அதற்குக் கீழே இறங்கினால் அறிவிக்க வேண்டும். கம்பெனி 15 சதவீதம் புதுப் பங்கு வெளியிட்டால், ஒரு பங்குகூட விற்காமலேயே 5.2 சதவீதம் 4.5 ஆகிவிடும். "ஃபண்டு வெளியேறிவிட்டது" என்று அலறும் முன் அறிவிப்பில் காரணத்தைப் படியுங்கள்.

பிளேசிங் விலைக்குக் கீழே போகாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். யார்க்‌ஷயரில் உரச் சுரங்கம் தோண்டிய சிரியஸ் மினரல்ஸ் 2016-இல் பிளேசிங்கில் 20 பென்ஸுக்குப் பங்கு விற்றது. 2020-இல் ஆங்கிலோ அமெரிக்கன் அந்தக் கம்பெனியை வாங்கியபோது தந்த விலை பங்குக்கு 5.5 பென்ஸ்.

பெரிய ஃபண்டுகள் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் வருகின்றன என்று நினைப்பவர்கள் பிரீ-எக்ஸை மறக்கக் கூடாது. கனடாவின் இந்தக் கம்பெனி இந்தோனேசியாவின் புசாங்கில் மலைமலையாகத் தங்கம் இருப்பதாகச் சொன்னது. 1997-இல் அது மோசடி என்று வெளியானது. ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் அதில் பெரும் பணத்தை இழந்தது. துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் பாதியைப் பெட்டியில் வைத்திருப்பதுதான் தொழில் வழக்கம். அங்கே முழுத் தண்டையும் நொறுக்கிவிட்டார்கள். மறுபடி சோதிக்கப் பாதி மிஞ்சவில்லை. சுரங்கக் கம்பெனிகள் கனிம விவரங்களை எப்படி வெளியிட வேண்டும் என்று சொல்லும் 43-101 என்ற விதியைக் கனடா கொண்டுவந்தது அதன் பிறகுதான், 2001-இல். அந்த விதிப்படி வந்த அறிக்கையைத் திறந்து, மாதிரிகளை யார் எடுத்தார்கள், யார் சோதித்தார்கள் என்ற பகுதியையாவது படித்துவிடுங்கள்.

கடைசியாக, பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஏ.எஸ்.எக்ஸில் உள்ள, கனிமம் தேடும் கம்பெனிகள் காலாண்டுதோறும் பணவரத்து அறிக்கை தர வேண்டும். துளையிட எவ்வளவு, அலுவலகத்துக்கும் சம்பளத்துக்கும் எவ்வளவு, மிச்சப் பணம் இன்னும் எத்தனை காலாண்டுக்கு வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசி எண் இரண்டுக்குக் கீழே என்றால், அடுத்த பிளேசிங் தொலைவில் இல்லை. வாங்க நினைத்தால் அதுவரை பொறுங்கள்.