பழைய பாணியில் கோட்-சூட்: துணியும் டெய்லரும்

1930, 40களின் வெட்டு வேண்டுமென்றால் முதலில் துணி. பாரிமுனை கோடவுன் தெருவில் சூட்டிங் துணி மொத்தக் கடைகள் நிறைய. மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 58 அங்குல அகலத் துணியில் கோட், பேண்டுக்குச் சுமார் மூன்றேகால் மீட்டர். வெயிஸ்ட்கோட்டும் சேர்ந்தால் நான்கு. கட்டம், கோடு போட்ட துணியானால் பொருத்தித் தைக்க இன்னும் கால் மீட்டர்.

அந்தக் காலத்துக் கனத்த கம்பளி சென்னை வெயிலுக்கு ஆகாது. 250 முதல் 280 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) எடையில், முறுக்கேறிய நூலில் காற்றோட்டமாக நெய்த கம்பளித் துணி போதும், மடிப்பும் நிற்கும். கம்பளிதானா என்று சந்தேகமா? ஒரு நூலைக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையோடு பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் பாலியஸ்டர்.

டெய்லரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கோட்டின் முன்பக்கத்துக்குள் விறைப்புக்காகத் தைத்துச் சேர்க்கும் கேன்வாஸா, ஃபியூசிங்கா? பசை வைத்து ஒட்டும் மலிவான ஃபியூசிங், சில டிரை கிளீனிங்குக்குப் பிறகு மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அவர் தைத்த கோட் ஒன்றை வாங்கி, கீழ்ப் பட்டனுக்குக் கீழே முன்துணியை விரலால் கிள்ளி இழுங்கள். நடுவில் தனியாக ஓர் அடுக்கு நழுவினால் கேன்வாஸ்.

பேண்ட் தொப்புள் உயரத்துக்கு ஏற வேண்டும். சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் இடுப்புக்குக் கீழேயே வெட்டிவிடுவார்கள். அக்குள் வெட்டு மேலே, உடம்பை ஒட்டி இருக்கட்டும். இறக்கி வெட்டினால் கையைத் தூக்கும்போது கோட்டே கூடவே எழும்பும். பிறகு ஆல்டர் செய்யவும் முடியாது. அதனால் கை பொருத்தும் முன், நூலோட்டிய நிலையிலேயே ஒரு ட்ரையல் கேளுங்கள்.